பூஜ்ஜியம் மில்லிமீட்டர்

காலை எட்டரை மணிக்கு அவர் குடையை மடக்கிச் சொட்டச் சொட்ட மூலையில் சாத்தினார். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு படிவத்தை எடுத்தார். மழையளவு என்ற கட்டத்தில் பூஜ்ஜியம் என்று எழுதினார்.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

அன்றோடு முப்பத்தொரு நாள். முப்பத்தொரு பூஜ்ஜியம்.

ஆறு தொடங்கும் மலைச்சரிவில் இருந்த ஒரே மழைமானி அவர் பொறுப்பில் இருந்தது. இருபத்தாறு வருடமாகத் தினமும் அளந்து, கீழே நகரத்தில் இருக்கும் வெள்ளக் கணிப்பு அலுவலகத்துக்கு அனுப்பி வந்தார். அக்கம்பக்கத்தில் அவருக்குப் பெயரே மழைக்காரர்தான். "என்ன மழைக்காரரே, துணி காயப் போடலாமா?" என்று கடைக்காரர் கேட்பார். "போடுங்க, நனையட்டும்" என்பார் இவர்.

போன மாதம், நிலையத்துப் பொறியாளரின் காருக்குக் கொட்டகை போட வந்த லாரி பின்னால் நகரும்போது மழைமானியை இடித்துச் சாய்த்தது. நிமிர்த்தி வைத்தார்கள். ஆனால் உள்ளே மழைநீர் சேரும் குப்பியின் அடியில் விரிசல் விழுந்திருந்தது. எவ்வளவு பெய்தாலும் காலைக்குள் கசிந்து மண்ணுக்குள் போய்விடும்.

அன்றே 'கருவி பழுது' என்று எழுதிக் கையெழுத்துக்குக் கொண்டுபோனார் மழைக்காரர். பொறியாளர் அவரைவிட இருபது வயது சின்னவர். தாளைப் படித்துவிட்டு நான்காக மடித்தார்.

"எப்படிப் பழுதாச்சுன்னு கேப்பாங்க. லாரி இடிச்சதுன்னு சொல்வீங்களா? லாரி எதுக்கு வந்ததுன்னு கேப்பாங்க. கொட்டகைக்கு யார் அனுமதி குடுத்தான்னு கேப்பாங்க. நூல் புடிச்ச மாதிரி என் வரைக்கும் வந்து நிப்பாங்க."

"அப்போ கட்டத்தைக் காலியா விட்டுடட்டுமா சார்?"

"விடுங்க. மெமோ வரும். உங்க பேருக்கு."

"ஒரு வாளி வச்சு அளந்து போடறேன் சார். முன்னப்பின்ன இருந்தாலும்..."

"வாளிக்குத் தரச்சான்று இருக்கா?" பொறியாளர் சிரித்தார். "இவ்வளவு யோசிக்காதீங்க. காலைல குப்பியைத் திறந்து பாக்கறீங்க. உள்ள எவ்வளவு இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லைன்னா பூஜ்ஜியம். இதுல பொய் எங்க இருக்கு? நானே புதுக் குப்பி வாங்கி வைக்கறேன். ஒரு வாரம் பொறுங்க."

ஒரு வாரம் ஒரு மாதமானது. கொட்டகை முடிந்துவிட்டது. கார் நனையவில்லை.

ஒன்பது மணிக்குத் தொலைபேசி அடித்தது. கணிப்பு அலுவலகத்துப் பெண். ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணினி மாடலில் ஓட்டிப் பார்ப்பது அவள் வேலை.

"சார், இன்னிக்கும் பூஜ்ஜியமா?"

"ஆமா மேடம்."

"மலைக்கு அந்தப் பக்கம் எண்பது மில்லி பெஞ்சிருக்கு. உங்க பக்கம் சுத்தமா இல்லையா?"

"மலை மறைக்குது இல்ல."

"கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. அந்தச் சரிவுக்கு எனக்கு இருக்கறது உங்க மானி ஒண்ணுதான். ஒரு மாசமா பூஜ்ஜியம் வர்றதால, மண்ணு காஞ்சு வெடிச்சுக் கிடக்குன்னு மாடல் நம்புது. நாளைக்கே கொட்டினாலும் பாதியை மண்ணு குடிச்சிடும், ஆத்துக்குக் கொஞ்சம்தான் வரும்னு சொல்லும். அதான் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை கேக்கறேன்."

கூரைத் தகரத்தில் மழை அறைந்தது. மழைக்காரர் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டார்.

"என்ன சார் சத்தம்?"

"ஃபேன் மேடம். பழசு."

"சரி சார்" என்று அவள் வைத்துவிட்டாள்.

நண்பகலில் அவர் இன்னொரு எண்ணை அழுத்தினார். கீழே நகரத்தில், ஆற்றங்கரைத் தெருவில் அவருடைய அக்கா இருந்தாள்.

"அக்கா, மாடி வீட்டுக்குப் போயிடு. சாமானையும் ஏத்திடு. இப்பவே."

"கரைக்கு ரெண்டடி கீழதான் தண்ணி போகும்னு இப்பதான்டா மைக்ல சொல்லிட்டுப் போறாங்க."

"மைக்கை விடு. நான் சொல்றேன், ஏறு."

அக்கா ஏறினாள். மூன்றரை மணிக்கு ஆறு கரையைத் தாண்டியது. நான்கு மணிக்குத் தெருவில் ஆளுயரத் தண்ணீர்.

இரண்டு நாள் கழித்து அவர் போனபோது தெரு முழுக்கச் சேறு. அக்கா வாசலில் மண்வெட்டியோடு நின்றாள். அவர் அதை வாங்கி வெட்டிப் போட ஆரம்பித்தார். எதிர் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே தையல் மெஷினை மேசை மேல் தூக்கி வைத்திருந்தார்கள். மேசையும் முழுகியிருந்தது.

"டைலர் பொண்ணோட மாமனார் போயிட்டார்" என்றாள் அக்கா. "எழுந்து நடக்க மாட்டார். நான் ஏறும்போதே கூப்பிட்டேன், அவரையும் தூக்கிட்டு வந்துடுடின்னு. 'ஆபீஸ்லயே ரெண்டடி கீழன்னு சொல்லிட்டாங்களே அக்கா, தூக்கறதுக்கு ரெண்டு ஆள் வேணும், வயசானவரை எதுக்கு அலைக்கழிக்கணும்'னா. தண்ணி வந்ததும் ஆள் தேடித் தெருவுக்கு ஓடி வந்தா. திரும்ப உள்ள போக முடியல."

அவர் வெட்டிக்கொண்டே இருந்தார்.

"ஒண்ணு கேக்கறேன். உனக்குத் தெரிஞ்சது அந்த ஆபீஸுக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

சொன்னார். லாரி, குப்பி, கட்டம், தொலைபேசி. குனிந்தபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

அக்கா எதிர் வீட்டைப் பார்த்தாள்.

"அப்போ எனக்கு மட்டும் மழை பெஞ்சிருக்கு. அவளுக்குப் பூஜ்ஜியம்."

"அக்கா..."

"அந்த மண்வெட்டியைக் குடு. என் வீட்டுச் சேத்தை நீ தொடாத."

அடுத்த வாரம் விசாரணை நடந்தது. நீள மேசை, தேநீர், பிஸ்கட். மூன்று அதிகாரிகள். அறிக்கை முன்கூட்டியே தட்டச்சாகி வந்திருந்தது. 'மாடலின் குறைபாடு, அதை இயக்கியவரின் கவனக்குறைவு.' பதினோரு பேர் இறந்த வெள்ளத்துக்கு ஒன்றரை வரி. ஓரத்து நாற்காலியில் கணிப்பு அலுவலகத்துப் பெண் உட்கார்ந்திருந்தாள். மாலைக்குள் அவளுக்குப் பணிநீக்க உத்தரவு தயாராகிவிடும்.

"உங்க நிலையத்துல இருந்து ஒரு நாள் விடாம அளவு வந்திருக்கு" என்றார் மழைக்காரரிடம் தலைமை அதிகாரி. "ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. பாராட்டணும். இங்க ஒரு கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புங்க."

மழைக்காரருக்கு ஓய்வுபெற இன்னும் பதினோரு மாதம். பேனாவை எடுத்தார். தாளைப் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்தார்.

"அது அளவு இல்லை சார்."

பக்கத்தில் இருந்த பொறியாளர் நெளிந்தார். "பெரியவருக்கு ரெண்டு நாளா உடம்பு சரியில்ல சார்."

"உடம்புக்கு ஒண்ணும் இல்லை. குப்பிக்குத்தான். ஒரு மாசமா உடைஞ்சு கிடந்தது. அங்க மழை விடாமப் பெஞ்சது. நான் நனைஞ்சுக்கிட்டே பூஜ்ஜியம் எழுதினேன். இவர் எழுதச் சொன்னார், நான் எழுதினேன்."



அந்தப் பெண் நன்றி சொல்லவில்லை. எழுந்து நின்றாள்.

"காலியா விட்டிருந்தா மாடல் அந்தப் பக்கத்து எண்பது மில்லியை எடுத்துக்கிட்டுக் கணக்குப் போட்டிருக்கும். காலிக் கட்டம்னா நான் சந்தேகப்படுவேன் சார். பூஜ்ஜியம்னா நம்பிடுவேன். நேராவே கேட்டேனே, அப்பவாவது 'தெரியலை'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எச்சரிக்கை போயிருக்கும். அத்தனை பேரும் மேட்டுக்குப் போயிருப்பாங்க."

"சொல்லியிருக்கணும்" என்றார் மழைக்காரர். "என் அக்காகிட்ட மட்டும் சொன்னேன்."

தலைமை அதிகாரி அறிக்கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இங்க பாருங்க, இதைப் பதிவு பண்ணினா உங்க பென்ஷனுக்கே ஆபத்து. இதெல்லாம் அறிக்கையில வரணுமா?"

"வரணும் சார். அவங்க செத்தது ஆத்தாலயும் இல்லை, மாடலாலயும் இல்லை. உடைஞ்சதை உடைஞ்சதுன்னு எழுத நான் பயந்தேன். இவர் எழுத விடலை. அப்படி எழுதறவனுக்கு நீங்க மெமோ அனுப்பறீங்க. கட்டம் நிரம்பினாப் போதும், அதுல என்ன இருக்குன்னு யாருக்கும் அக்கறை இல்லை. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றவனை நாம தண்டிச்சா, ஊரே தெரியாம மூழ்கும். அதை அப்படியே எழுதுங்க."

தலைமை அதிகாரி தன் பேனாவை மூடினார்.

அந்தப் பெண் தன் பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மழைக்காரர் முன்னால் வைத்தாள்.

"அவங்க எழுத மாட்டாங்க" என்றாள். "நீங்களே எழுதுங்க."