மேனேஜருக்கு ஹாலில் இடம்

அப்பா நகராட்சிக்குப் போன் செய்தது குளியலறையிலிருந்து. குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, குரலைக் கட்டையாக்கிக்கொண்டு, "மூணு கோழிங்க சார், தெருவே தூங்க முடியல" என்றார். நான் வெளியே துண்டோடு காத்திருந்தேன். கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும் வாயில் விரலை வைத்தார். பேசாமலிருப்பது எனக்குச் சிரமமே இல்லை. அதில் மட்டும் நான் கெட்டிக்காரி.

கோழிகள் அம்மாவுடையவை. டீச்சர், சின்னவள், மேனேஜர் என்று பெயர். முட்டையிட்டுவிட்டு ஊரைக் கூட்டுவது மேனேஜர். அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றதே ஒரு மேனேஜரிடமிருந்து தப்பிக்கத்தான். இப்போது அவர் ஹால் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினால், ஜன்னலுக்கு வெளியே இந்த மேனேஜர் ஆரம்பித்துவிடும். அம்மாவிடம் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை.

அடுத்த வாரம் அளவு நாடாவோடு நகராட்சி அதிகாரி வந்தார்.

"யாரோ புகார் குடுத்திருக்காங்கம்மா. பேர் சொல்லல. பின்னாடி அருவி மாதிரி ஒரு சத்தம்."

அப்பா நாளிதழை உயர்த்திப் பிடித்தார்.

"அவன் நல்லா இருப்பானா?" என்றாள் அம்மா. "என் கோழி அவன் சோத்துலயா வாய் வெச்சுது? நீங்களே சொல்லுங்க."

"அதானே" என்றது நாளிதழ்.

கூண்டு பக்கத்து வீட்டுச் சுவர்களிலிருந்தும் தெருவிலிருந்தும் பதினைந்து அடி தள்ளி இருக்க வேண்டும், இல்லையென்றால் கோழிகளை எடுத்துச் சென்றுவிடுவோம் என்றார் அதிகாரி. நாடாவின் ஒரு நுனியை என்னிடம் கொடுத்தார். கொல்லையில் எங்கே வைத்து அளந்தாலும் அடி குறைந்தது.

"என்ன பண்றது, சட்டம்னா சட்டம்தான்" என்று அப்பா சோகமாகச் சொல்லப் பார்த்தார். சரியாக வரவில்லை. உள்ளே போய் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

அம்மா மேனேஜரைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அம்மா பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

பழைய மின் கட்டண ரசீதின் பின்புறம் எங்கள் மனையை வரைந்தேன். நாலு பக்கமும் பதினைந்து அடி தள்ளிக் கோடு போட்டேன். நடுவில் ஒரு சின்னக் கட்டம் மிஞ்சியது.

"இங்க வைக்கலாம்" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"என்ன தங்கச்சி?" என்றார் அதிகாரி.

காகிதத்தை நீட்டினேன்.

அதிகாரி ஹாலுக்குள் வந்து அளந்தார். கணக்கு சரியாக இருந்தது. கட்டம் விழுந்த இடத்தில் அப்பா சாய்ந்திருந்தார்.

"கொஞ்சம் எந்திரிங்க சார்."

"வீட்டுக்குள்ளயா? கோழியா?"

"வீட்டுக்குள்ள கூடாதுன்னு விதியில இல்ல சார். தூரம்தான் கேட்டிருக்கு."

அம்மா அதற்குள் நாற்காலியைச் சுவரோரம் தள்ளிவிட்டு மேனேஜரை இறக்கிவிட்டாள். அது மின்விசிறியைப் பார்த்தது, அப்பாவைப் பார்த்தது, தரையில் எச்சமிட்டது.

"இடம் பிடிச்சுப் போச்சு" என்றாள் அம்மா.

"வேற வழியே இல்லையா சார்?" அப்பாவின் குரல் இறங்கியிருந்தது.

"புகார் குடுத்தவரே வாபஸ் வாங்கணும். புகார் இல்லன்னா நாங்க டேப்பையே வெளிய எடுக்க மாட்டோம்."

"போன்ல சொன்னாப் போதுமா?"

"நேர்ல வரணும் சார்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அப்போது மேனேஜர் தொடங்கியது. நாலு சுவருக்குள் அது கொல்லைச் சத்தம்போல இல்லை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"நான்தான்" என்றார் அப்பா.

அதிகாரி பேனாவை நீட்டினார். அம்மாவும் ஆச்சரியப்படவில்லை.

"அன்னிக்கு டேங்க் மொத்தமும் காலி. குளிச்சிட்டு வந்த மனுஷனுக்குத் தலை நனையல. எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சேவா அந்தத் திட்டு திட்டுன?"

"தெரிஞ்சதாலதான் அவ்வளவோட விட்டேன். முனிசிபாலிட்டிக்குப் போன் பண்ணத் தெரியுது, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தெரியல. சொல்லியிருந்தா அந்தப் பக்கமா மாத்தியிருக்க மாட்டேனா?"

அன்றே கூண்டை அந்தப் பக்கம் மாற்றினோம். ஒரு முனையை அப்பாவே தூக்கினார். இப்போது ஹாலில் நிம்மதியாகத் தூங்குகிறார்.

அந்தப் பக்கம் இருப்பது குளியலறை ஜன்னல். அப்பா குழாயைத் திறந்தால் போதும், வெளியிலிருந்து மேனேஜர் பதில் சொல்லும்.