ஆமா மகராசா

...வாய் தானாகத் திறந்துகொள்கிறதே, அதுதான் சனியன். அப்பா தேங்காயை இரண்டு கையிலும் ஏந்தி, "ரவள்நாதா, எங்க எல்லைச் சாமி..." என்று முதல் இழுப்பு இழுத்தாலே போதும், கூட்டம் மொத்தமும் "ஆமா மகராசா!" என்று வந்து விழும், தனுஜாவின் நாக்கும்தான், கொங்கணக் கரையில் பிறந்த நாக்கு, வேறென்ன தெரியும் அதற்கு. குரவ், அதாவது கோயில் பூசாரி, அப்பாதான்; அவர் ஊருக்காக முறையிடுவார், ஊர் ஆமா போடும். மழை பொய்க்கக் கூடாது மகராசா... ஆமா மகராசா. போன படகு திரும்பணும் மகராசா... ஆமா மகராசா. முறையீட்டுக்கு இல்லை என்று சொன்னவர் இந்த ஊரில் ஒருவருமில்லை, சொன்னால் சாமி குத்தம் என்றுகூட யாரும் பயமுறுத்தி வளர்க்கவில்லை, அப்படி ஒன்று யாருக்காவது தோன்றினால்தானே பயமுறுத்த. அது தெரிந்துதான் வந்திருக்கிறார்கள் பாவிகள். அணுமின் நிலையத்துக்கு மக்கள் கருத்துக் கேட்கிறார்களாம். பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, சுற்றிலும் போலீஸ், மேடைக்கு இரண்டு பக்கமும் வீடியோக் கேமரா. "உங்க வழக்கப்படியே ஆரம்பிச்சுடலாம், குரவ் பாபா ஒரு முறையீடு சொல்லட்டும்" என்று அந்த அதிகாரி தேன் ஒழுகச் சொன்னபோதே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஊரே கைகூப்பி ஆமா போடுகிற படம் நாளைக்குத் தொலைக்காட்சியில் ஓடும், அதற்கப்புறம் நீ எதிர்த்தாய் என்று எந்த முட்டாள் நம்புவான்?

நேற்று மத்தியானமே சொன்னாள், கேழ்வரகு ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம், போகாதீங்க பாபா என்று. "சாமி காரியத்துக்குக் கூப்பிட்டா குரவன் எப்படிடி வரமாட்டேங்கிறது?" சாமியா கூப்பிட்டுச்சு, ஜீப்புல வந்தவன்தானே கூப்பிட்டான்? அவர் கருவாட்டு முள்ளை எடுத்து ஓரமாக வைத்தார், பிறகு, தட்டைப் பார்த்தபடியே, "அவங்க ஆபீசுல உனக்கு ஒரு வேலை போட்டுத் தரேன்னு வாக்குக் குடுத்திருக்காங்க, தனு. கெமிஸ்ட்ரி படிச்சவ மாங்கா பொறுக்கிட்டா கெடப்ப?" ஓ. அப்படியென்றால் விலை நான்தானா! கோயில் எண்ணெயும் தேங்காய் மூடியுமாக ஓடிய வீட்டில் முதல் பட்டம், அந்தப் பட்டத்தைத் தூண்டிலில் குத்தி ஊரைப் பிடிக்கிறார்கள், புழுவுக்கு என்ன மரியாதை, அதையும் சேர்த்துத்தானே மீன் விழுங்கும்... படிக்க வைத்தது இதற்குத்தானா என்று கேட்டுவிட்டாள். கேட்டிருக்கக் கூடாதோ? ஏன் கூடாது, கேட்கத்தான் வேண்டும். அவர் கைகழுவ எழுந்து போய்விட்டார்.

"ரவள்நாதா..." தொடங்கிவிட்டார். "ஆமா மகராசா!" பந்தல் அதிர்கிறது, அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள், பக்கத்தில் மீனவர் வாடியின் ஹலீமா சித்தி முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு முனகினாள், "அல்லாவே, உங்கப்பன் குரலக் கேட்டுக் கேட்டு எனக்கே ஆமா வந்துடும் போலிருக்குடி!" சிரிப்பு வந்தது, இந்த நேரத்தில் போய்ச் சிரிப்பு. சித்தியின் வலை விழுகிற கழிமுகத்தில்தான் உலையின் சுடுதண்ணீரை விடப் போகிறார்கள், "அந்த மீனெல்லாம் வெந்தே வருமாமே, எனக்கு அடுப்புச் செலவு மிச்சம்" என்று காலையில் மேடைக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னவள். மேடைக்குப் பின்னால் செம்பாறை மேடு வெயிலில் கிடக்கிறது. கோடையில் அளக்க வந்தான்கள், புல்லில்லை பூண்டில்லை, தரிசு என்று எழுதிக்கொண்டு போனான்கள், மழை விழுந்ததும் வந்து பார்த்திருந்தால் கால் வைக்க இடமில்லாமல் பூத்துக் கிடந்ததைக் கண்டிருப்பான்கள், ஊர் மாடு முழுக்க அங்கேதான் மேய்கிறது, சுருட்டை முடிக்காரனை மொட்டை அடித்த அன்று பார்த்துவிட்டுப் பிறவி வழுக்கை என்று எழுதினானாம் ஒருத்தன்... "கெட்ட கண்ணு, கெட்ட காத்து எல்லாத்தையும் எல்லைக்கு வெளிய தள்ளு மகராசா..." ஆமா மகராசா! தள்ளட்டும், மேடையிலிருந்தே ஆரம்பிக்கட்டும். அடுத்தது மின்நிலையத்துக்கான வரிதான், அவளுக்குத் தெரியும். அப்பாவின் முதுகு தெரிந்தது, வெள்ளைச் சட்டை வியர்வையில் ஒட்டிக் கிடந்தது. சாமி முன்னால், ஊர் முன்னால், அந்த முதுகிலா குத்தப் போகிறாய்? குத்தாவிட்டால்? "இந்த மேட்டுல வரப்போற மின்நிலையம்... ஒரு விக்கினமும் இல்லாம எழும்பணும்... மகராசா..."

"இல்ல மகராசா!"

தன் குரல்தானா? பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. எங்கோ பாதி ஆமாக்கள் தொண்டையில் சிக்கி நின்றன. ஒரு போலீஸ்காரன் லத்தியைக் கைமாற்றினான். ஹலீமா சித்தி வாயிலிருந்த முக்காட்டைப் பிடுங்கிவிட்டு எழுந்தாள், "இல்ல மகராசா!" அப்புறம் பின்வரிசையில் ஒன்று, மாந்தோப்புக்காரர்கள் பக்கம் இரண்டு மூன்று. "ஏய், அது குரவ் பொண்ணுல்ல? அப்பனையே மறிக்குது பாரு!" என்று யாரோ. மறிக்கத்தான் செய்வேன், வேலைய நீயே வச்சுக்கோ, அந்த நாற்காலிய உன் உலையில போட்டு எரி. அதிகாரி மைக்கில் இருமினார், "அமைதி, அமைதி, கேமராவ நிறுத்துப்பா. பாபா, நீங்க முதல்லேருந்து திரும்பச் சொல்லுங்க, இந்தத் தடவ ஊர் ஒழுங்காச் சொல்லும்." அப்பா திரும்பிப் பார்ப்பார், கண்ணாலேயே எரிப்பார் என்று நெஞ்சை நிமிர்த்திக் காத்திருந்தாள், அவர் தேங்காயைத்தான் பார்த்தார், கையில் சரியாகப் பிடித்துக்கொண்டு மறுபடியும் தொடங்கினார். "ரவள்நாதா..."

அப்போதுதான் உறைத்தது. அப்பாவின் முறையீட்டில் மூச்சு விட இடமே இருக்காதே... அவர் கடைசி எழுத்தின் வாலைப் பிடித்துத்தான் ஊர் ஆமாவில் ஏறும், திருவிழாவில் சின்னப் பெண்ணாகச் சொல்லிப் பழகியவளுக்குத் தெரியாதா. அந்த வரியில் மட்டும், எழும்பணும் என்பதற்கும் மகராசாவுக்கும் நடுவில், மகராசாவுக்குப் பிறகும், ஏன் அவ்வளவு வெட்டவெளி கிடந்தது? வயதா, இளைப்பா, பயமா? இல்லை, தெரிந்தேதான் அவளுக்கென்று அந்த இடத்தைத் திறந்து வைத்தாரா, நேற்று வீட்டில் கேட்டதற்கு அங்கே வைத்துப் பதிலா... கேமராவின் சிவப்பு விளக்கு மறுபடி எரிந்தது. மழை, படகு, கெட்ட காத்து எல்லாம் விறுவிறுவென்று ஓடி முடிந்தன. "இந்த மேட்டுல வரப்போற மின்நிலையம், ஒரு விக்கினமும் இல்லாம எழும்பணும்..." என்று வந்து அப்பா நின்றார். முன்னைவிட அதிக நேரம் நின்றார்.