எங்க போனாலும் கோசோங்

தான் இதுவரை சொன்னவற்றில் லோஷினிக்கு மிகவும் பிடித்தது ஒரே ஒரு வரிதான். "எங்க போனாலும் கோசோங் கேளுங்க." போன விடுமுறையில், குளுவாங் வீட்டுச் சமையலறையில், கைப்பேசியை மிளகாய்த்தூள் டின்னில் சாய்த்து வைத்துப் பேசிய நாற்பது விநாடிக் காணொளியின் கடைசி வரி அது. கோசோங் என்றால் மலாயில் காலி. கடையில் தேநீர் கேட்கும்போது அந்த வார்த்தையைச் சேர்த்துச் சொன்னால் சீனி போடமாட்டார்கள்.

சத்துணவியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் லோஷினி அதற்கு முன் போட்ட காணொளிகளை முந்நூறு பேர் பார்த்தால் அதிகம். இதை அறுபதாயிரம் பேர் பார்த்தார்கள். வகுப்பில் ஆங்கிலத்தில் நாலு பக்கம் எழுதிக்கொள்ளும் விஷயம் தமிழில் ஒரு வரியாகச் சுருங்கிவிட்டதில் அவளுக்கு ரகசியமான ஒரு பெருமை இருந்தது. குளிக்கும்போது கூட அந்த வரியைச் சொல்லிப் பார்த்திருக்கிறாள்.

இந்த விடுமுறைக்கு வீடு வந்த இரண்டாம் நாள் மாலை, அம்மா யோகேஸ்வரியுடன் தொழிற்சாலை வேனிலிருந்து புஷ்பவள்ளியும் இறங்கினாள். இருவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து வேலை செய்பவர்கள். வீடும் அடுத்த தெருதான்.

"வாங்க டாக்டரம்மா. ஒங்களத்தான் பாக்க வந்தேன்."

"நான் டாக்டர் இல்ல ஆண்டி."

"பின்ன? அறுபதாயிரம் பேரு ஒன்னப் பாக்கறாங்க. கிளினிக் டாக்டர நாங்க நம்பர் எடுத்து மூணு மணி நேரம் ஒக்காந்து பாக்கறோம், அவரு எங்கள நிமுந்துகூட பாக்கறதில்ல."

சிரித்துக்கொண்டே கைப்பையிலிருந்து கிளினிக் புத்தகத்தை எடுத்து நீட்டினாள். புஷ்பவள்ளிக்கு நாலு வருடமாக இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய். மூன்று மாத சராசரி காட்டும் இரத்தப் பரிசோதனை போன தடவை ஏழு புள்ளி ஆறு. இப்போது எட்டு புள்ளி ஒன்பது.

"அடுத்த தடவையும் எறங்கலன்னா ஊசி போட்டுக்கணுமாம். எனக்கு ஊசின்னாலே கை காலெல்லாம் ஒதறுது லா. நீ சொன்னத ஒரு நாளு விடாம செய்யறேன். அப்பறம் ஏம்மா ஏறுது?"

சாப்பிட்டதை விசாரிக்கும்போது முகத்தில் எதையும் காட்டக்கூடாது என்பது வகுப்பில் முதலில் சொல்லிக்கொடுத்த பாடம். முகம் சுளித்தால் அடுத்த பதில் பொய்யாகிவிடும். லோஷினி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நேத்து காலையில எழுந்ததுலேருந்து சொல்லுங்க ஆண்டி."

"தே ஓ கோசோங். பாலும் இல்ல, சீனியும் இல்ல."

"நல்லது. அப்பறம்?"

"ரொட்டி கோசோங்."

"எத்தன?"

"ரெண்டு. சில நாளு மூணு. முன்னெல்லாம் ரொட்டிய எப்பவாச்சும்தான் தொடுவேன். நீ சொன்னதுலேருந்து தெனமும் அதான். எங்க போனாலும் கோசோங். ரொட்டிக் கடை தங்கராஜு என்ன வாசல்ல பாத்ததுமே மாவ எடுத்து வீச ஆரம்பிச்சிடுவாரு."

லோஷினியின் முகத்தில் பாடம் நின்றது.

"ஆண்டி, தேயில கோசோங்னா சீனி இல்லன்னு அர்த்தம். ரொட்டியில கோசோங்னா உள்ள வைக்கிறது இல்ல, அவ்ளோதான். வெள்ள மாவு, மார்ஜரின், எண்ணெ எல்லாம் அப்படியே இருக்கு. அந்த மாவுதான் ஒடம்புல சீனியா மாறுது."

"அப்ப ரொட்டியில என்னதான் காலி?"

"முட்டையும் வெங்காயமும்."

"அது ரெண்டும் நல்லதுதானே?"

"நல்லதுதான்."

"அலமாக்," என்று வாயில் கைவைத்தாள் யோகேஸ்வரி. புஷ்பவள்ளி ஒரு நிமிடம் மகளையும் தாயையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நெற்றியில் தட்டிக்கொண்டாள். "என் மண்டதான் கோசோங்."

மூவரும் சிரித்தார்கள். லோஷினிக்கு முதலில் வந்தது நிம்மதி. ஆண்டி கோபப்படவில்லை. அந்த நிம்மதி எவ்வளவு சீக்கிரம் வந்தது என்று கவனித்தபோதுதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை காலை மூவரும் தங்கராஜு கடைக்குப் போனார்கள். திருத்தக் காணொளி எடுப்பது என்று முடிவு. வேலைக்குப் போகும்போது பூசாத உதட்டுச்சாயத்தைப் பூசிக்கொண்டு வந்திருந்தாள் புஷ்பவள்ளி.

"ரொட்டி திங்காதன்னு என் கடையிலயே வந்து சொல்லப் போறீங்க," என்றார் தங்கராஜு.

"திங்காதன்னு சொல்லல அண்ணே. தெனமும் வேணாம், எப்பவாச்சும் ஒண்ணு, கூட பருப்பும் முட்டையும்னு சொல்லப் போறேன்."

"அப்ப முட்டைக்குத் தனிக் காசு," என்று சொல்லிவிட்டுக் கல்லைத் துடைத்தார்.

புஷ்பவள்ளி கேமராவுக்குப் பிறந்தவள் போலப் பேசினாள். "இந்தப் பொண்ணு சரியாத்தான் சொல்லுச்சு. நான்தான் மண்டயில ஏத்திக்காம மூணு மாசம் ரொட்டியா தின்னு தீத்தேன்." கடையே சிரித்தது. நெற்றியைத் தட்டிய விதம் கூட அழகாக விழுந்திருந்தது.

லோஷினி அதை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். அறுபதாயிரம் என்ன, ஒரு லட்சம் பேர் பார்ப்பார்கள். எல்லோரும் ஆண்டியைப் பார்த்துச் சிரிப்பார்கள், அன்போடுதான். தன் வரியும் ஒரு கீறல் இல்லாமல் அப்படியே இருக்கும். யாரும் அவளைக் கேட்கப் போவதில்லை. இவ்வளவு சுலபமாகக் கிடைப்பதுதான் அவளை உறுத்தியது. ஆண்டிக்குக் காது சரியாகத்தான் இருக்கிறது. எங்கே போனாலும் என்று சொன்னது யார்?

"இன்னொரு தடவ எடுக்கலாம் ஆண்டி."

"ஏன், லிப்ஸ்டிக் கலஞ்சிடுச்சா?"

"இல்ல. நானும் பக்கத்துல ஒக்காருறேன்."

இந்த முறை அவளே தொடங்கினாள். "தப்பு ஆண்டியோடது இல்ல. எங்க போனாலும்னு நான் சொல்லியிருக்கக் கூடாது. தே, காப்பியோட நிறுத்தியிருக்கணும். கேக்க நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டேன்." குரல் ஓர் இடத்தில் தடுக்கியது. அதை அவள் வெட்டவில்லை. அன்றே பழைய காணொளியை நீக்கினாள். விரலை எடுத்த பிறகு, எதிர்பார்த்த அளவு வலிக்கவில்லை என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

புதியதை நானூற்றுப் பத்து பேர் பார்த்தார்கள்.

மூன்று மாதம் கழித்து, பல்கலைக்கழக விடுதியில் துணி காயப்போட்டுக் கொண்டிருந்தபோது புஷ்பவள்ளியின் குரல் செய்தி வந்தது. "ஏழு புள்ளி ஒம்போது. இந்தத் தடவ ஊசி இல்லியாம். தங்கராஜுதான் மொகத்தத் தூக்கி வச்சிக்கிட்டிருக்காரு." லோஷினி அதை இரண்டு முறை கேட்டாள். ஈரக் கையோடு சற்று நேரம் வெயிலில் நின்றாள்.

கைப்பேசியில் இன்னொன்றும் வந்திருந்தது. கோத்தா திங்கியிலிருந்து யாரோ கமலநாதன் என்பவர் திருத்தக் காணொளியின் கீழே கேட்டிருந்தார்: "தோசை சாப்பிடலாமா? ஆமா, இல்லன்னு ஒரு வார்த்தையில சொல்லுங்க."

அவள் எழுதினாள்: "எத்தனை சாப்பிடுவீங்க அண்ணா? கூட என்ன வச்சிக்குவீங்க?"

உடனே பதில் வந்தது. "நாலு. சட்னி. சில நாள் சீனி தொட்டுக்குவேன்."

லோஷினி வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் வசதியாக உட்கார்ந்துகொண்டு, நிதானமாக எழுதத் தொடங்கினாள்.