மெம்பர் தலைக்குக் கட்டின துணி

எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் பரிவட்டம் கட்டுவது என் வேலை. எனக்கு முன்னால் என் அப்பா கட்டினார். அம்மன் காலடியில் வைத்த சிவப்புப் பட்டுத் துண்டை எடுத்து, தோட்டத்தில் அன்றைக்கு யார் பெரிய ஆளோ அவர் தலையைச் சுற்றிக் கட்ட வேண்டும். அவர் வடத்தைத் தொட்டால்தான் தேர் கிளம்பும். அந்தத் துணி யார் தலையில் ஏறுகிறதோ, அந்த வருசம் முழுக்க அவர் பேச்சுதான் பேச்சு.

அப்பா வெள்ளைக்காரத் துரைக்குக் கட்டியதை நான் பார்த்திருக்கிறேன். துரை பனைமர உயரம். அப்பா கட்டையன். தேயிலைப் பெட்டி ஒன்றைப் போட்டு அதன்மேல் ஏறி நின்றுதான் கட்டினார். சாம்பிராணிப் புகை மூக்கில் ஏறித் துரை தும்ம, துணி பறந்து துரைசானி மடியில் விழுந்தது. சிரித்தால் அன்றைய கூலிக்குப் பேர் வெட்டிவிடுவார்கள் என்று சனம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. பாவாடை கட்டிய ஒரு குட்டி மட்டும் கிக்கிக்கீ என்று சிரித்தாள். அவள்தான் பின்னால் எனக்கு வாக்கப்பட்ட ராசம்மா. சாகிற வரைக்கும் அந்தத் தும்மலைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவள் போய் ஆறு வருசமாகிறது. இப்போது அதைச் சொன்னால் சிரிக்க ஆளில்லை.

துரைமார் போனார்கள். யூனியன் தலைவர்களுக்குக் கட்டினோம். பிறகு பிரதேச சபை மெம்பருக்கு என்று வழக்கமானது. தலைதான் மாறிக்கொண்டிருந்தது. எல்லாம் ஆம்பிளைத் தலை.

இந்த வருசம் மெம்பர் பொம்பளை. பேர் சுபாஜினி. பிள்ளைக்காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். அவள் அம்மாவும் ராசம்மாவும் ஒரே மலையில் கொழுந்து எடுத்தவர்கள். சபையில் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் பொம்பளைகளாக இருக்க வேண்டும் என்று கொழும்பில் சட்டம் போட்டுவிட்டார்களாம். கட்சிக்காரர்கள் பேருக்கு ஆள் தேடி இவளைப் பட்டியலில் போட்டார்கள். பட்டியலில் இருந்தவள் மெம்பராகிவிட்டாள்.

சட்டம் என்றாலே எனக்கு ஆகாது. சட்டம் எங்கள் வாசலுக்கு வந்தபோதெல்லாம் எதையாவது எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறது. என் அண்ணனை நாடற்றவன் என்று சொல்லித் தலைமன்னாரில் கப்பல் ஏற்றியது சட்டம்தான். அவன் கையசைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆகவே இந்தச் சட்டத்தையும் நான் நம்பவில்லை. அவளையும் நம்பவில்லை. நான் ஓட்டுப் போட்டது வேறு கட்சிக்கு.

திருவிழாவுக்கு முந்தின ஞாயிறு கோயில் கமிட்டி கூடியது. கமிட்டித் தலைவன் ரமேஸ், பசறை டவுனில் ஹார்ட்வெயார் கடையில் நிற்கிறவன்.

"பொம்பள தலையில பரிவட்டமா? நம்ம வழக்கத்துலயே இல்லையே," என்றான்.

"லிஸ்ட்ல வந்தவதானே? யாரு ஓட்டுப் போட்டா அவளுக்கு?" என்றது ஒரு குரல்.

"கட்டாட்டியும் வம்பு. நாளைக்கு ரோட்டுக்கு, லைட்டுக்கு அவகிட்டத்தானே போவணும்?"

"அதுக்குத்தான் வழி இருக்கே. புருசன் தலையில கட்டிருவோம். சபைக் காரியமெல்லாம் சதீஸ்குமார்தானே பாக்குறான்?"

உண்மைதான். ஆட்டோ ஓட்டுகிற சதீஸ்குமார்தான் பெண்டாட்டியின் போனை எடுப்பான். ஆபீசர் வந்தால் அவன்தான் மலையைக் காட்டுவான். மோசமான பயல் இல்லை. 'மெம்பர்' என்று கூப்பிட்டால் பல் தெரியும், அவ்வளவுதான். கமிட்டியில் எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

மறுநாள் பின்னேரம் சுபாஜினி லயத்து வீட்டு வரிசையில் என் காம்பராவுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"பெரியப்பா, அந்தத் துணிய எனக்குக் கட்டுங்க."

"கமிட்டி சொல்ற தலையில கட்டுறவன் நான். எங்கிட்ட ஏன் வர்ற?"

"மேல் லயத்துக்குன்னு தண்ணி டாங்கி எழுதிக் குடுத்தேன். ஆபீசர் போன் பண்ணுனப்ப இவரு எடுத்து, 'எங்க வசதியோ அங்க போடுங்க சார்'னு சொல்லிட்டாரு. இப்ப டாங்கிய கீழ ரோட்டோரமா போடப் போறாங்களாம். நான் போய்க் கேட்டா, 'ஒங்க வீட்டுக்காரர் சரின்னாரே'ங்கிறாங்க."

"ஒன் புருசன நீ அடக்கு."

"வீட்டுல அடக்கிருவேன். ஊரே சேந்து அவரு தலையில துணியக் கட்டுனா, அப்புறம் எங்கிட்டு அடக்குறது? எந்த ஆபீசரும் என் மூஞ்சியப் பாக்கமாட்டான். டாங்கி போனது போனதுதான்."

என் காம்பரா மேல் லயத்தில்தான் இருக்கிறது. ஊற்றுத் தண்ணீர் விழுகிற பீலியிலிருந்து முப்பது வருசத்துக்கு மேல் ராசம்மா தண்ணீர் சுமந்த பாதையும் வாசலுக்கு நேரே தெரிகிறது. ஆனாலும் வாக்குக் கொடுக்கவில்லை. டாங்கி தருகிறேன் என்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

"போயிட்டு வா புள்ள," என்றேன். அவள் முகம் விழுந்துவிட்டது.

திருவிழா அன்று காலையில் மழை விட்டிருந்தது. தப்பு மேளம் காதைப் பிளந்தது. ரமேஸ் மைக்கைப் பிடித்து, "பரிவட்ட மரியாதைக்கு நமது மெம்பர் சதீஸ்குமார் அவர்களை அழைக்கிறோம்!" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. புருசனுக்குக் கட்டுவோம் என்றுதான் கமிட்டியில் பேச்சு. அவனை மெம்பர் என்று அம்மனுக்கு முன்னால் பொய் சொல்ல நான் தலையாட்டவில்லை. அப்பா கட்டிய துரைக்கு எங்கள் சாமி பேர்கூடத் தெரியாது. ஆனால் அவன் துரைதான். துரைசானியின் தம்பிக்குக் கட்டிவிட்டு அவனைத் துரை என்று அப்பா சொல்லவில்லை.

சதீஸ்குமார் வேட்டியும் பல்லுமாக வந்து தலையைக் குனிந்தான். மைக் பக்கத்தில்தான் இருந்தது.

"தம்பி, நீ யாரு?"

"என்ன மாமா, தெரியாதா? சதீஸ்குமார்."

"மெம்பரா?"

அவன் முழித்தான். "மெம்பரோட வீட்டுக்காரன்."

மைக் அதைத் தோட்டம் முழுக்கச் சொன்னது. பொம்பளைகள் பக்கத்திலிருந்து சிரிப்பு வெடித்தது.

"அப்ப மெம்பர் எங்க?" என்றேன்.

ரமேஸ் என் கையைப் பிடித்தான். உதறினேன். பின்னால் நின்ற சுபாஜினியைக் கொழுந்துக்காரிகள் முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டார்கள். வந்து நின்றாள்.

அப்போதுதான் என் முட்டாள்தனம் எனக்கே தெரிந்தது. பொம்பளைத் தலையில் பரிவட்டம் கட்டி எனக்குப் பழக்கமில்லை. கொண்டை, கனகாம்பரம், தேங்காயெண்ணெய் வழுக்கல். துணியைச் சுற்றினேன், சரிந்தது. மறுபடியும் சுற்றினேன். வழுக்கிக்கொண்டு அவள் தோளில் விழுந்தது. தப்பு நின்றுவிட்டது.

"பாத்தியளா? அம்மனுக்கே புடிக்கல," என்றான் ரமேஸ். சில பேர் ஆமாம் என்றார்கள். சுபாஜினி கண் கலங்கி ஒரு அடி பின்னால் வைத்தாள். இப்போது போனால் போனதுதான் என்று எனக்குத் தெரிந்தது.

ஒரு மழைக்காலம் ராசம்மாவைக் குளவி கொட்டிவிட்டது. இரண்டு கையும் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டன. அப்படியும் வேலைக்குப் போனாள். கூடைக் கயிறு தலையை அறுக்காமலிருக்கத் துண்டு கட்ட வேண்டுமே, அதை அந்த நாட்களில் நான்தான் கட்டிவிட்டேன். முதல் நாள் என்னைத் திட்டிய திட்டு! "மாட்டுக்குக் கட்டுற மாதிரியா கட்டுறது? நெத்தியில ரெண்டு வெரல் விடு. காதுக்குப் பின்னால கொண்டுபோ. கொண்டைக்குக் கீழ முடி, மேல இல்ல!"

நெற்றியில் இரண்டு விரல் விட்டேன். காதுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொண்டைக்குக் கீழே முடிந்தேன். எனக்கு மறந்திருந்தாலும் கைக்கு மறக்கவில்லை.

சுபாஜினி தலையை மெல்ல இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தாள், கூடை மாட்டுவதற்கு முன்னால் ஆட்டிப் பார்க்கிற மாதிரி. அவளும் பிள்ளைக்காம்பராவுக்கு முன்னால் மலையில் நின்றவள்தானே.

"இன்னும் கொஞ்சம் இறுக்குங்க பெரியப்பா. இழுக்கணும்ல."

இறுக்கினேன். முன் வரிசையில் நின்ற கிழவி ஒருத்தி, "அடியே, இது நம்ம கட்டுடி!" என்று கத்தினாள். அதோடு குலவை கிளம்பியது பாருங்கள், அப்படி ஒரு குலவையை ராசம்மா காலத்தில்கூட நான் கேட்டதில்லை. தப்புக்காரர்கள் ரமேஸைப் பார்க்காமல் அடிக்க ஆரம்பித்தார்கள். அவள் வடத்தைத் தொட்டாள். தேர் நகர்ந்தது.

சதீஸ்குமார் என் பக்கத்தில் வந்து நின்றான். "மானத்த வாங்கிட்டீங்க மாமா."

"போய் வடத்தப் புடிடா," என்றேன். போய்ப் பிடித்தான்.

திருவிழா முடிந்து சபை ஜீப் வந்தது. ஆபீசர் இறங்கி, ஆட்டோவில் சாய்ந்து நின்ற சதீஸ்குமாரிடம் ஏதோ கேட்டார். அவன் பிள்ளைக்காம்பராப் பக்கம் கையைக் காட்டினான். சுபாஜினி இடுப்பில் யாருடைய பிள்ளையோ ஒன்றைச் சுமந்துகொண்டே அவரை மேல் லயத்துக்கு ஏற்றிக்கொண்டு வந்து, என் வாசலுக்கு எதிரே நின்று டாங்கிக்கு இடத்தைக் காட்டினாள். மூன்று குச்சி அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். குச்சியை நான் நம்பமாட்டேன். தண்ணீர் விழட்டும், அப்புறம் பார்ப்போம்.

பரிவட்டத்தைத் திருவிழா முடிந்த மறுநாளே துவைத்து மடித்து வைப்பது வழக்கம். இந்த வருசம் தேங்காயெண்ணெய் ஏறிவிட்டது. ராசம்மாவின் பழைய துண்டில் இருந்த அதே வாசம். இன்னும் துவைக்கவில்லை.