மாம்பூவுக்கு ஒரு நியாய விலை

எந்தப் பொருளைக் கண்டாலும் அதன் நியாயமான விலை என்னவென்று தட்டிப் பார்க்காமல் ஸ்தனிஸ்லாசுக்குத் தேநீர் தொண்டையில் இறங்காது. பொம்மிடியில் அவர் வங்கிக் குமாஸ்தா. பம்பாய் மைத்துனன் கொடுத்த கால்குலேட்டர் அவருடைய சட்டைப் பையிலேயே குடியிருந்தது. வட்டியும் தவணையும் மட்டுமல்ல. ஆறு மாதம் கழித்து ஒன்றை இன்ன விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமைக்கு இன்று எவ்வளவு தரலாம் என்பதையும் அதில் கணக்கிடக் கற்றிருந்தார்.

மார்கழி நடுவில் ராஜமேரி அவரைத் தேடி வந்தாள். அவளுடைய மாந்தோப்பு பூத்திருந்தது. வியாபாரி தீர்த்தகிரி முன்னூறு ரூபாய் அச்சாரம் தருவதாகச் சொல்லியிருந்தார். ஆனியில் எட்டாயிரத்துக்குக் காயை எடுத்துக்கொள்வார். விலை சரிந்தால் அச்சாரத்தை விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வார். அந்தப் பணம் வந்தால்தான் பூவுக்கு மருந்தடிக்க முடியும்.

விலை வருஷத்துக்கு வருஷம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பது கணக்குக்குத் தேவைப்பட்டது. அந்தோணியார் கோவில் திருவிழா ஏலத்தில் மாங்காய்க் கூடைகள் போன விலைகள் ஸ்தனிஸ்லாசுக்கு மனப்பாடம். அவற்றையே கால்குலேட்டருக்குக் கொடுத்தார்.

"ஆயிரத்து நானூறுக்குக் கொறைச்சு வாங்காத."

ராஜமேரி அந்தத் தொகையைச் சொன்னபோது தீர்த்தகிரி மொபெட்டை விட்டு இறங்கவேயில்லை. "பூவுக்கே ஆயிரத்து நானூறுன்னா, காய்க்கு எங்கூட்டை எழுதித் தரணுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனவர், மறுநாளே மொரப்பூர்ப் பக்கம் வேறு தோப்புக்கு அச்சாரம் கொடுத்துவிட்டார். அதன்பின் எந்த வியாபாரியும் ராஜமேரியின் தோப்புக்கு வரவில்லை. பூவில் பூச்சி விழுந்தது.

ஸ்தனிஸ்லாசுக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி தட்டினார். சொல்லிக்கொடுத்ததையே சொல்லும் கிளியைப் போல அதே எண் வந்து நின்றது.

பொங்கலன்று பூசை முடிந்ததும், காணிக்கையாக வந்த பூசணிக்காயைக் கோவில் வாசலில் ஏலம் விட்டார்கள். பெரியவர் அருள்சாமி அறுபது ரூபாய் கேட்டார்.

"பூசணிக்கா அறுபதா, மாமா?" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

"பேரனுக்குக் காமாலை எறங்கிடுச்சுப்பா. பூசணிக்கா வெலையப் பாத்தா கேக்கறேன்?"

வேண்டுதலையல்லவா ஸ்தனிஸ்லாஸ் மாங்காய் விலையென்று கால்குலேட்டருக்குக் கொடுத்திருந்தார்! ஓடிப்போய் மண்டிக்காரரிடம் நிஜமான விலைகளை விசாரித்துத் தட்டினார். அறுநூறு என்று வந்தது.

ராஜமேரி தோப்பில், கருகிய பூங்கொத்தொன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"தப்பு எம்மேலதான், ராஜமேரி. கோவில் ஏல வெலைய மண்டி வெலைன்னு போட்டுட்டேன். அறுநூறுதான் நியாயம். இந்தா, வச்சுக்க. ஆனியில எட்டாயிரத்துக்கு நானே எடுத்துக்கறேன்."

அவள் பணத்தைத் தொடவில்லை. "வெல எறங்குனா நீங்களும் வுட்டுட்டுப் போயிடுவீங்களாண்ணா?"

அப்படி விட்டுப்போகும் சௌகரியத்துக்குத்தான் அந்த அறுநூறு என்பது அவருக்குத் தெரியும்.

"இல்ல. எறங்குனாலும் எட்டாயிரந்தான்."

அவள் பணத்தை வாங்கி முந்தானையில் முடிந்தாள். "மருந்த கடைக்காரரு வூட்டுலயே வாங்கிக்கலாம். அடிக்கிற மாரியப்பன்தான் பொங்கலுக்கு மாமியா வூட்டுக்குப் போயிட்டான். இன்னைக்கு அடிக்காட்டி மிச்சமும் கருகிடும்."

ஸ்தனிஸ்லாஸ் திருநாளுக்கு உடுத்திய வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் கிளையில் மாட்டினார். துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

"பம்பு எங்க இருக்குது?"