பால் நின்ற தொட்டி

கிராமாக்லியாவின் பழைய இரும்புக் கடையில் இரண்டு எவர்சில்வர் தொட்டிகள் நின்றன. ஒன்று, எதிரே நின்று மீசை கத்தரித்துக்கொள்ளலாம் போலப் பளபளத்தது. மற்றொன்றின் வயிற்றில் பள்ளம். உடம்பெல்லாம் பழுப்புக் கறை. டெல்மா அதைத்தான் கேட்டாள்.

"கண்ணு அவிஞ்சுபோச்சா உனக்கு? பளபளக்கறதையும் அதே விலைக்குத்தான் தர்றேன்," என்றான் கிராமாக்லியா.

"முன்னாடி அதுல என்ன இருந்துச்சு?"

அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். "சோயா வயலுக்கு அடிக்கிற ஏதோ மருந்து."

"அப்ப அதுல நீயே குளி."

பள்ளம் விழுந்தது பால் தொட்டி. மூடிப்போன பால் ஆலையில் இருபத்திரண்டு வருடம் அதைக் கழுவியவள் டெல்மா. அந்தப் பள்ளமே அவளுடைய தள்ளுவண்டி இடித்ததுதான்.

அவர்கள் ஊரில் ஞானஸ்நானம் பெறாதவர்கள்கூட உண்டு, வீட்டில் பியர் காய்ச்சாதவர்கள் கிடையாது. வருடத்துக்கு ஒருமுறை சதுக்கத்தில் திருவிழா. அங்கே கடை போட, பியர் காய்ச்சுவோர் சங்கத்தின் அனுமதி வேண்டும். சங்கத் தலைவர் போசியோ, பல் டாக்டர். கப்பலில் வரவழைத்த புத்தம்புதுத் தொட்டிக்குச் சொந்தக்காரர். காயலான் கடைத் தொட்டி பியரைக் குடித்தால் ஊரே ஆஸ்பத்திரியில் படுக்கும் என்று சொல்லி, டெல்மாவுக்கு இடம் கிடையாது என்றுவிட்டார். சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், ஆனால் எல்லார் தொட்டிக்கும் ஒரே சோதனை என்றாள் அவள். சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள்.

டெல்மா கையுறையும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, கொதிக்கும் காஸ்டிக் சோடாக் கரைசலைத் திறந்த வெளியில் தொட்டிக்குள் சுற்றவிட்டாள். மேலே பறந்த கிளி ஒன்று அந்த ஆவியில் வெளுத்துப்போய், அதன் பெண்டாட்டி இன்றுவரை கூட்டில் சேர்ப்பதில்லை. ஊரில் இதை மறுப்பார் இல்லை. பிறகு நல்ல தண்ணீர், சிட்ரிக் அமிலக் கரைசல், மறுபடி தண்ணீர். நீண்ட கம்புப் பிரஷ்ஷால் தேய்த்தாளே தவிர, உள்ளே தலையைக்கூட விடவில்லை. குழாயைக் கழற்றி ரப்பர் வளையங்களையெல்லாம் மாற்றினாள். அது அழுத்தம் தாங்கச் செய்த தொட்டி அல்ல. பியர் நொதிக்கும்போது கிளம்பும் காற்று வெளியேற மூடியில் ஒரு குழாய் வைத்தாள்.

சோதனை நாளில் சங்கத்தார் மூவர் தண்ணீர்க் குழாயோடு வந்தார்கள். சுத்தமான எவர்சில்வரில் தண்ணீர் துணி விரித்தாற்போல வழியும். அழுக்கிருந்தால் முத்து முத்தாக நிற்கும். டெல்மாவின் தொட்டியில் ஒரு முத்துகூட நிற்கவில்லை.

அடுத்து டாக்டருடைய புதுத் தொட்டியின் உட்சுவரில் விளக்கடித்தபோது ஊசி குத்தினாற்போல நூறு துளிக் குழிகள், ஒவ்வொன்றிலும் துரு. ஒரு வீட்டில் லாவந்தினா வாடை அடிக்காவிட்டால் அதைச் சுத்தமென்றே ஒப்பாத ஊர் அது. துணி வெளுக்கும் அந்தக் குளோரின் தண்ணீரை டாக்டர் தினமும் தொட்டியில் நிரப்பி ஊறவைத்திருக்கிறார்.

"சுத்தத்துக்குத்தானே ஊத்தினேன்..."

"எவர்சில்வரை அது தின்னும், டாக்டர். மிட்டாய் பல்லைத் தின்கிற மாதிரி."

சங்கம் ஒரு வாரம் கூடிப் பேசி அனுமதி கொடுத்தது. ஒரு நிபந்தனை: காயலான் கடைத் தொட்டியில் காய்ச்சியது என்று யாரிடமும் மூச்சு விடக்கூடாது, சங்கத்துக்குக் கேவலம்.

திருவிழா அன்று சதுக்கத்தில் எல்லாவற்றையும்விட உயரமாக ஒரு பலகை நின்றது: "கிராமாக்லியா கடையில் வாங்கிய பழைய பால் தொட்டியில் காய்ச்சியது. கழுவியவள் டெல்மா." போசியோ வேர்க்க விறுவிறுக்க வந்து கழற்றச் சொன்னார்.

"எழுத்து சின்னதா இருக்கா டாக்டர்? பெயிண்ட் மிச்சமிருக்கு," என்று சொல்லிவிட்டு, அவருக்குப் பின்னால் நின்றவனின் கோப்பையை வாங்கி நிரப்பினாள்.