மஞ்சள் விளக்கு

“உடம்புக்கு ஒண்ணும் இல்லேங்கிற, வீட்லயும் விசேஷம் இல்லேங்கிற. அப்புறம் எதுக்கும்மா லீவு?”

“ஜெபம் பண்ணணும்ண்ணே.”

மேற்பார்வையாளர் பேனாவை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார். “ஜெபம் பண்ணத்தானேம்மா இங்க சம்பளமே கொடுக்குறாங்க? மீன் தண்ணி குடிக்க லீவு கேட்ட கதையால்ல இருக்கு!” அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “நேத்தும் உன் விளக்கு எரிஞ்சுது. இன்னொரு தடவை எரிஞ்சா என்னால காப்பாத்த முடியாது, பார்த்துக்க. போ, லைன் காத்துட்டிருக்கு.”

மீன்... நல்ல உவமைதான், ஆனால் தண்ணீருக்குள் இருக்கிற மீனுக்குத் தாகம் எடுத்தால் அது யாரிடம் போய்ச் சொல்லும், என்று நினைத்துக்கொண்டே அவள் தன் கண்ணாடித் தடுப்புக்குள் வந்து உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினாள், வணக்கம், ஜெப உதவி மையம், உங்க பேர் என்ன, எதுக்காக ஜெபிக்கணும்... பையனுக்குப் பரீட்சை, ஆண்டவரே, இந்தப் பிள்ளையின் ஞாபகசக்தியை... முழங்கால் வலி, ஆண்டவரே, இந்தத் தாயின் எலும்புகளை... காணாமல் போன பூனை, அதற்கும் ஆண்டவரேதான், நாக்கு தானாக ஓடுகிறது, தையல் மெஷின் மாதிரி, நூல் தீர்ந்த பிறகும் ஊசி ஏறி இறங்குமே, தைக்கிற மாதிரியே இருக்கும், துணியை எடுத்துப் பார்த்தால் வரிசையாக வெறும் ஓட்டை. எப்போது தீர்ந்தது நூல்? முன்பெல்லாம் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் போய் உட்காருவாள், ஒன்றும் கேட்கமாட்டாள், ஒன்றும் சொல்லமாட்டாள், பக்கத்தில் ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான், ஆனால் இறங்கி வரும்போது கால்களில் புதிதாக ஒரு பலம் வந்திருக்கும், யார் என்ன சொன்னாலும் அன்றைக்குச் சிரிப்பு வரும். இப்போது குடியிருக்கிற வீட்டில் மாடிக்குப் பூட்டு, சாவி வீட்டுக்காரரிடம். இங்கே பேச்சு நின்றால் மேற்பார்வையாளர் மேசையில் மஞ்சள் விளக்கு, சத்தம் இல்லையென்றால் லைன் கட்டாகிவிட்டதென்று ஜனங்கள் போனை வைத்துவிடுவார்களாம், அதனால் மூச்சு வாங்குகிற இடத்தில்கூட ஓர் ‘ஆமாம் ஆண்டவரே’யைச் சொருகப் பழகியாயிற்று. அங்கே மௌனத்துக்கு இடமில்லை, இங்கே அனுமதியில்லை, நடுவில் பஸ், பஸ்ஸில் பாட்டு...

வீட்டில் தாழ்ப்பாள் உள்ள ஒரே கதவு குளியலறைக் கதவு. இன்று காலை அங்கேதான், வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள், வெளியே மாமியாரின் டிவி, மகனின் வாய்ப்பாடு, இருக்கட்டும், கண்ணை மூடினாள், ஆண்டவரே என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தால் வந்தது என்ன தெரியுமா, வணக்கம், ஜெப உதவி மையம், உங்க பேர் என்ன, எதுக்காக ஜெபிக்கணும்? கடவுளிடம்! வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரிப்பு எங்கேயோ திரும்பி வேறாகிவிட்டது, கன்னம் நனைந்தது. “உள்ள என்ன, குடியேறிட்டியா?” என்று கணவன் கதவைத் தட்டினான். “வர்றேங்க...” வந்துவிட்டாள், வந்துகொண்டேதான் இருக்கிறாள், எல்லோரும் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம். பயம் வேலை போய்விடும் என்பதல்ல, அதுவும்தான், ஆனால் அதைவிட, இத்தனை காலம் பேசிக்கொண்டே இருந்ததில் மறுமுனையில் இருந்தவர் எப்போதோ வைத்துவிட்டுப் போயிருந்தால்? அதைச் சொல்ல அவளுடைய மேசையில் அப்படி ஒரு விளக்கு இல்லையே, யார் எரித்துக் காட்டுவார்கள்?

மறுபடி மணி. வணக்கம், ஜெப உதவி மையம், உங்க பேர் என்ன...

“பேரு எதுக்கும்மா.” ஆண்குரல், வயதானதா இளையதா தெரியவில்லை, அவசரமே இல்லாத குரல்.

“எதுக்காக ஜெபிக்கணும்ங்கய்யா?”

“ஜெபம் வேணாம்மா. எல்லாரும் எனக்குச் சொல்லிட்டேதான் இருக்காங்க. வீடு காலியா கிடக்கு. நீங்க ஒண்ணும் பேசாதீங்க.”

காலையில் குளியலறையில் அவள் கேட்டாளே, பேர் என்ன, எதுக்காக என்று... சேச்சே, இவர் யாரோ ஒரு மனிதர், தனியாக இருக்கிறவர், உளறாதே. ஆனாலும் நாக்கின் நுனிவரை வந்துவிட்ட ‘ஆமாம் ஆண்டவரே’ அங்கேயே நின்றது. காதில் அவருடைய மூச்சு, எங்கோ ஒரு மின்விசிறி, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கிற மாதிரி... இதே மாதிரி முன்பு எங்கே இருந்தது, தொட்டியின் நிழல் இங்கே எப்படி வந்தது? கண்ணாடிக்கு அப்பால் மஞ்சள் விளக்கு எரிந்தது, மேற்பார்வையாளர் நிமிர்ந்தார், நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார், அவளைப் பார்த்துக் கையை அசைத்தார், பேசு, பேசு...

“வச்சிடாதீங்கம்மா,” என்றது குரல். “இன்னும் கொஞ்ச நேரம், இப்படியே என்கூட இருங்களேன்.”